செல்வியிடம் சொல்லாத ஆபரேஷன்

நின்றுகொண்டே தூங்கிவிட்டேன். அதுதான் முதல் அறிகுறி.

சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில், வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை எனக்கு. கப்பலின் அடித்தொட்டிக்குள், கையில் டார்ச்சைப் பிடித்தபடி, இரும்புச் சுவரில் சாய்ந்து காலை பத்து மணிக்குக் குறட்டை விட்டிருக்கிறேன். கூட இருந்த வங்காளதேசத்துக்காரர் ஹெல்மெட்டில் தட்டி எழுப்பினார். இரண்டடி தள்ளி, கீழ்த்தளத்துக்கு இறங்கும் ஓட்டை மூடாமல் கிடந்தது.

அப்போது என் வயது இருபத்தெட்டு. எடை நூற்று நாற்பத்தெட்டு கிலோ.

கம்பெனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்தார்கள். ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நின்றுபோவது) என்றார் டாக்டர். அவர் ஒரு சீனப் பெண்மணி. என் கழுத்துக் கொழுப்பே என் மூச்சுக்குழாயை அமுக்குகிறது என்று படம் போட்டுக் காட்டினார். சர்க்கரையும் தொடங்கியிருந்தது. பட்டினி, நடை, மாத்திரை என்று எட்டு மாதம் பார்த்தோம். குறைந்த ஐந்து கிலோ ஏழாகத் திரும்பி வந்தது. பிறகுதான் பைபாஸ் (இரைப்பையைத் தைத்துச் சிறு பையாக்கி, சிறுகுடலை நேரே அதில் இணைக்கும் அறுவை) பற்றிப் பேசினார்.

“வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டார். எல்லோருக்கும் தெரியும் என்றேன்.

ஒருவருக்கும் தெரியாது. அதைத்தான் எழுத வந்தேன். இந்த அறுவைக்குப் போக நினைப்பவர்களுக்கு ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். வீட்டில் எப்படிச் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் நாகமலைக்கு மேற்கே, மானாவாரிக் காடு. வீட்டில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். முதலில் மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டவனும் நான்தான். என் அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அவர் சின்ன வயதில் ஒரு வேளைக் கஞ்சியோடு கிணறு வெட்டியவர். நான் விடுதியில் படித்து உடம்பு போட்டு வந்தபோது, கல்யாண வீடுகளில் என்னைக் காட்டிச் சொல்வார். “எம் மகன் ஒக்காந்தான்னா ரெண்டு சேரு வேணும்யா!” அந்தக் குரலில் இருந்த பெருமையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நான் முதல் வகுப்பில் தேறியபோதுகூட அவர் அப்படிப் பேசவில்லை.

அந்த மனிதரிடம் போய், சோறு அதிகமாகிவிட்டது, வயிற்றைத் தைத்துக்கொள்ளப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

இன்னொருத்தியிடமும் சொல்லவில்லை. செல்வி என் அத்தை மகள். அவளை எனக்கென்று பேசி வைத்திருந்தார்கள். ஊர் விலக்கில், பஸ் நிற்கும் முக்கில், எஸ்டிடி பூத் வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் அப்போது போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பூத்துக்குக் கூப்பிடுவேன். முதலில் அம்மாவோடு பேசி முடிப்பேன். அம்மா போன பிறகு செல்வியோடு பேசுவேன்.

“கல்யாணத்துக்கப்புறம் பஸ்ஸுல எனக்குத் தனி சீட்டு போட்ருங்க மச்சான். ஒங்க பக்கத்துல ஒக்காந்தா நான் சன்னலுக்கு வெளியதேன் தொங்கணும்” என்பாள். அப்படி அவள் சிரிக்கும்போது எனக்கு ஒரு நாளும் வலித்ததில்லை. ஆனாலும் தாலி கட்டும்போது என்னால் கீழே உட்கார்ந்து எழ முடியாதே என்ற பயம் எனக்கு இருந்தது. இளைத்துப் போய் நின்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்கு முந்தின ஞாயிறு, திரவ உணவு தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

“சாப்டீகளா மச்சான்?”

“சாப்ட்டேன்.”

“என்ன சாப்டீக?”

“ஆட்டுக்கால் சூப்பு. பெறகு சோறு.”

“அம்புட்டுத்தேனா? நாக்கு செத்துப் போச்சா ஒங்களுக்கு?”

“நீ என்ன சாப்ட்ட, அதச் சொல்லு.”

அவள் சொன்னாள். கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு, அடிப்பிடித்த சட்டியை அம்மாவுக்குத் தெரியாமல் வழித்தது வரைக்கும். ரிசீவரைக் காதோடு அமுக்கிக்கொண்டு கேட்டேன்.

ஆபரேஷன் மூன்று மணி நேரம். வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டைகள்தான். விழித்தபோது வலியைவிடத் தாகம் பெரிதாக இருந்தது. இருமல் மருந்து அளக்கும் மூடியில் தண்ணீர் தந்தார்கள். ஒரு மூடித் தண்ணீரை அரை மணி நேரம் குடிக்க வேண்டும். என் புதிய இரைப்பை ஒரு கோழிமுட்டை அளவு.

மூன்றாம் வாரம் மசித்த உணவு. ஆறாம் வாரம் கெட்டியான உணவு. ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. வேகமாகவோ இனிப்பாகவோ கொழுப்பாகவோ இறக்கினால் டம்பிங் (உணவு சட்டென்று குடலில் விழுந்து, வியர்வையும் படபடப்பும் மயக்கமும் வருவது) வரும். இதெல்லாம் எனக்குக் கொடுத்த சிறு புத்தகத்தில் இருந்தது. பசி போய்விடும் என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். பசி போனபின் மனுஷன் மத்தியான நேரத்தை என்ன செய்வது என்று அதில் இல்லை.

ஞாயிறுகளில் பொய் வளர்ந்தது. பிரியாணி சாப்பிட்டேன், பரோட்டா சாப்பிட்டேன், தேக்கா பக்கம் மதுரைக்காரர் கடையில் கறி தோசை சாப்பிட்டேன். என் முன்னால் பிளாஸ்டிக் கிண்ணத்தில் மூன்று கரண்டி பருப்புத் தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும். பொய் சொல்லச் சொல்ல வாயில் எச்சில் ஊறும். அது பசியா, அவள் மேல் இருந்த ஏக்கமா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பத்து மாதத்தில் தொண்ணூற்றிரண்டு கிலோவாக ஊருக்கு வந்தேன்.

அம்மா என் கழுத்தெலும்பைத் தொட்டுப் பார்த்து அழுதது. வேலை கடுமை என்று சமாளித்தேன். ஊர் அதை நம்பவில்லை. அந்த வருஷங்களில் வெளியூர் போன ஆண் இளைத்துத் திரும்பினால் எங்கள் பக்கம் ஒரு நோயின் பெயர்தான் ஓடும். அந்தப் பெயரை யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். டீக்கடையில் என் கிளாஸை மட்டும் வெந்நீரில் இரண்டு முறை கழுவினார்கள்.

அடுத்த வாரம் மாமா, அதாவது செல்வியின் அப்பா, குலசாமிக்குக் கிடா வெட்டினார். அந்தச் சாமிக்கு ஆண்கள் மட்டும் காட்டுக்குள் போய்ப் பொங்கிச் சாப்பிடுவார்கள். வெட்டிய கறியில் ஒரு துண்டும் ஊருக்குள் திரும்பக் கூடாது, அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். பந்தியில் கடைசி ஆள் முடிக்கும் வரை எவனும் எழக் கூடாது. மாப்பிள்ளையாக வரப்போகிறவனுக்கு மாமனே பரிமாறுவார். அவர் கைக்குக் குறுக்கே ‘போதும்’ என்று கை நீட்டினால், பெண் வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

இலையில் சோறு மலையாக விழுந்தது. மேலே குழம்பும் கொழுப்புமாகக் கறி. நான் ஒரு துண்டை எடுத்து மெல்ல ஆரம்பித்தேன்.

“கப்பலு பாக்கப் போனவன் கட்டுமரமால்ல வந்துருக்கான்” என்றார் மாமாவின் அண்ணன். பந்தி சிரித்தது.

“அவன் எண்ணிக்கிட்டுல்ல மெல்லுறான். என்னப்பா, அங்க கடவாப்பல்லையும் புடுங்கிட்டாகளா?”

நான் நிஜமாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு, பதினெட்டு.

எனக்கு இரண்டு ஆள் தள்ளி ஒரு குரல் தணிந்து சொன்னது. “அந்த நோயில மொதல்ல சோறுதேன் எறங்காதாம்.” மாமாவின் கரண்டி என் இலைக்கு மேலே ஒரு கணம் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். கேட்டிருக்கிறார்.

“போடுங்க மாமா” என்றேன்.

பிறகு நான் எண்ணவில்லை. பழைய ஆள் மாதிரி உருட்டி உருட்டி விழுங்கினேன். ஐந்து வாய்க்கு மேல் போயிருக்காது. நெஞ்சுக்குக் கீழே யாரோ கல்லை வைத்து அழுத்தியது போல் அடைத்தது. சட்டை நனைந்தது. பந்தியில் யாரும் எழக்கூடாத நேரத்தில் எழுந்து ஓடினேன். நாங்கள் வந்த வேனுக்குப் பின்னால் வாந்தி எடுத்து, அங்கேயே மயங்கி விழுந்தேன். கண் திறந்தபோது சுற்றி நின்றவர்கள் யாரும் என்னைத் தொடவில்லை. அய்யா மட்டும் என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார்.

மறுநாள் மாமா வந்தார். உட்காரவில்லை.

“தப்பா நெனைக்காத மாப்ள. ரத்தம் டெஸ்ட் பண்ணிக் காட்டிரு. பொண்ணப் பெத்தவன் நான்.”

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அய்யாவும் கூட வந்தார். சிங்கப்பூர்க் காகிதங்களை டாக்டரம்மாவிடம் கொடுத்து, பந்தியில் நடந்ததைச் சொன்னேன். இரண்டு முறை படித்தார்.

“இத நான் புத்தகத்துலதேன் படிச்சிருக்கேன். ஆள இப்பத்தேன் பாக்குறேன். கறிய இப்படி அள்ளி முழுங்குனா தையல் என்னத்துக்கு ஆகும்? வைட்டமின் ஊசி போடுறியா? இல்லையா? ரத்தம் கொறஞ்சு கெடக்குன்னு கண்ணப் பாத்தாலே தெரியுதுப்பா.” பிறகு அய்யாவைப் பார்த்து, “பெரியவரே, ஒங்க மகனுக்கு என்ன ஆபரேஷன்னு தெரியுமா?” என்றார்.

அய்யா என்னைப் பார்த்தார். அந்த அறையில் வைத்துத்தான் சொன்னேன்.

என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, “எம்புட்டு வெட்டுனாங்க?” என்று கேட்டார்.

“வெட்டி எடுக்கல அய்யா. மேல ஒரு முட்டை அளவு விட்டுட்டுத் தச்சுட்டாங்க.”

“மிச்சம்?”

“உள்ள சும்மா கெடக்கும்.”

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அடுத்த பேச்சு. “அங்க ஒனக்குச் சோறு இல்லையோன்னு நெனச்சு நான் பத்து நாளாத் தூங்கலடா. சோறு இருந்துதேன் இப்படியா?” அவர் கோபப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் என்னைக் காட்டி எதுவும் சொன்னதில்லை.

ரிப்போர்ட் வந்தது. அந்த நோய் இல்லை. அந்த நோய் இருந்து, காட்ட ஒரு காகிதமும் இல்லாமல் அதே டீக்கடைக்கு வருகிறவர்களை அன்றைக்குத்தான் நினைத்தேன். ஆபரேஷன் விஷயத்தை அய்யாவே மாமாவிடம் சொன்னார். மாமா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து, ரிப்போர்ட்டோடு பூத்துக்குப் போனேன்.

செல்வி அதைக் கையில் வாங்கவில்லை.

“இது எனக்கெதுக்கு? எங்கய்யா கேட்டது.”

“பெறகு ஒனக்கு என்ன வேணும் செல்வி?”

“எந்தக் கெழமை ஆபரேஷன்?”

“வியாழக்கெழம.”

“அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம எங்கூடப் பேசுனீக. ஆட்டுக்கால் சூப்பு குடிச்சேன்னீக.”

“நீ பயந்துருவேன்னுதேன்...”

“பயந்துட்டுப் போறேன். நீங்க செத்துருந்தா? அடுத்த ஞாயித்துக்கெழம நான் இந்தப் போனையே பாத்துக்கிட்டுல்ல ஒக்காந்துருப்பேன்.”

“சாகலயே.”

“அது அன்னிக்கி ஒங்களுக்குத் தெரியுமா?”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். “தாயி, உசிலம்பட்டிக்கு ஒரு போனு போடு. உரக்கடைக்கி.” அவர் மருமகனை இரண்டு நிமிடம் திட்டி முடிக்கும் வரை நாங்கள் இருவரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் போனபின் அவள் குரல் இறங்கியிருந்தது.

“நோயின்னாலும் பாத்துக்கலாம் மச்சான். வயிறு சின்னதுன்னா கொஞ்சமாப் பொங்கிட்டுப் போறேன். ஒரே வீட்டுல இருந்துகிட்டு, உள்ள ஒன்ன வச்சுக்கிட்டு வெளிய சிரிச்சுப் பேசுவீகளே, அத நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு நாளும் ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டா இருக்க முடியும்?”

“இனிமே சொல்றேன்.”

“ஒங்கள எனக்கு அம்புட்டுப் பிடிக்கும்” என்றாள். அதோடு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

வேண்டாம் என்று அவளேதான் வீட்டில் சொன்னாள். மாமா அடித்தும் பார்த்தாராம். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது, மேலூர்ப் பக்கம். நான் அதற்கு முன்பே சிங்கப்பூர் போய்விட்டேன்.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. இப்போது மதுரையிலேயே வேலை பார்க்கிறேன். எடை எண்பத்தொன்பதில் நிற்கிறது. சர்க்கரை இல்லை. மூச்சு அடைக்காமல் நிமிர்ந்து படுத்துத் தூங்குகிறேன். மாதம் ஒரு ஊசி. இந்த அறுவை என் உயிரைக் காப்பாற்றியது. வேறு விதமாக எழுதினால் அது நன்றி கெட்ட பேச்சு. தேவைப்படுகிறவர்கள் பயப்படாமல் போங்கள். ஆனால் போகுமுன் வீட்டில் ஒருவரையாவது உட்கார வைத்து, செத்துப் போனாலும் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் பயப்படட்டும். பயப்படும் பாத்தியதை உள்ளவர்கள்தானே.

பசி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். இரண்டு இட்லிக்கு அரை மணி நேரம் ஆகிறது. முன்பெல்லாம் நாள் என்பது ஒரு சாப்பாட்டிலிருந்து அடுத்த சாப்பாட்டுக்குப் போவது. இப்போது அது ஒரே நீளமாக, நடுவில் நிழல் இல்லாத ரோடு மாதிரி கிடக்கிறது.

இவ்வளவு எடை குறைந்தால் தோல் கூடவே சுருங்காது, இதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். என் அடிவயிற்றில் அது மடிந்து தொங்குகிறது. இன்னொரு ஆபரேஷனில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். நான் இன்னும் போகவில்லை. செல்வி சம்மதித்தது நூற்று நாற்பத்தெட்டு கிலோ ஆளுக்கு. அந்த ஆளை அவளுக்குப் பிடித்திருந்தது, எனக்குத்தான் பிடிக்கவில்லை. அவனில் மிச்சம் இது ஒன்றுதான். ஈரம் நின்றால் புண்ணாகும் என்பதால், குளித்த பிறகு அந்த மடிப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் அடியில் துணி கொடுத்து ஒற்றி எடுக்கிறேன். அவசரப்படுவதில்லை.