அண்ணனுக்கு ஒரு மடக்குக் கத்தி

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை பஸ் ஏறினேன். பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கிளம்புவேன். பௌர்ணமியில் போனால் மலை தெரியாது, முன்னால் நடப்பவரின் முதுகுதான் தெரியும். ஜன்னலோர இடம் கிடைத்தது, ஆனால் ஜன்னல் மூடவில்லை. திண்டிவனம் வரை தூறல் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. கண்டக்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். “மழ நின்னா சரியாய்டும்மா,” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் என் அண்ணன் போன வாரம் போன் செய்திருந்தார். நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்சில் சீவிய காலத்திலிருந்தே அவர் சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். “பழசு எங்கியோ காணாப் போச்சும்மா. சின்னதா ஒண்ணு வாங்கிகினு வா. வெயிட் கம்மியா இருக்கணும், ஜோபி தொங்கக் கூடாது,” என்றார்.

அவருக்கு ஒன்றரை வருடமாகக் கை நடுக்கம். நரம்பு வியாதி, கூடுமே தவிரக் குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருடம் ஒரு தடவை நாங்கள் இருவரும் சேர்ந்து மலையைச் சுற்றுவோம், பதினாலு கிலோமீட்டரும் சண்டை போட்டுக்கொண்டே. வழியில் அடி அண்ணாமலையில் கொய்யாப்பழம் வாங்கி அவர்தான் நறுக்குவார். நறுக்கியதும் கத்தியைக் கல்மேல் வைப்பார், அங்கிருந்து நான் எடுத்துக்கொள்வேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கொடுக்காமலேயே எங்களுக்குள் இத்தனை சண்டை வந்தது வேறு விஷயம்.

பதினொரு மணி சுமாருக்கு இறங்கி நேராகத் தேரடி வீதிக்குப் போனேன். மழையில் வீதி வெறிச்சென்று கிடந்தது. ஒரு பாத்திரக் கடைக்காரர் மூன்று மடக்குக் கத்திகளை எடுத்துப் போட்டார். முதலாவது மரப்பிடி, பார்க்க அழகு, ஆனால் கல் மாதிரி கனம். இரண்டாவதைத் திறப்பதற்குள் என் நகம் உடைந்தது. எனக்கே இப்படி என்றால் அவருக்கு எப்படி? மூன்றாவது பிளாஸ்டிக் பிடி, ஒரு சீப்பின் எடைதான் இருக்கும். அலகு சுண்டுவிரல் நீளம். கட்டைவிரலால் தள்ளினால் திறந்து, ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது.

“யாருக்கும்மா?” என்று கேட்டார்.

“எங்க அண்ணனுக்கு. அவருக்குக் கை நடுங்கும்.”

“அப்ப கத்தி இன்னாத்துக்கும்மா?”

“நறுக்கறதுக்கு,” என்றேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் கத்தியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டார். நூற்றெண்பது ரூபாய் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டில் அண்ணன் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். புதுக் கத்தியால் காகிதத்தை அறுத்துப் பார்த்தேன், கிழிந்ததே தவிர அறுபடவில்லை. அண்ணியிடம் ஒரு பீங்கான் கோப்பை வாங்கிக் கவிழ்த்தேன். அதன் அடிவிளிம்பு சொரசொரவென்று இருக்கும். தண்ணீர் தொட்டு, அலகைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. கொஞ்ச நேரத்தில் காகிதம் சத்தமில்லாமல் அறுந்தது. என் சமையலறைக் கத்திகளுக்கெல்லாம் இதே வைத்தியம்தான்.

அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“போன மாசம் கட்டவெரல்ல நாலு தையல்மா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அந்தப் பழைய கத்திய நான்தான் குப்ப வண்டில போட்டேன், அவருக்குத் தெரியாது. இதுக்குக் கூர் வக்காத. சும்மா ஜோபில வச்சிகினு இருக்கட்டும்.”

அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன். கத்தியை நிமிர்த்திப் பிடித்து, அதே விளிம்பில் தேய்த்து, வைத்த கூர்மையை நானே மழுக்கினேன். மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மூன்று மணிக்குக் கிளம்பினோம், ஆட்டோவில். அண்ணன் வழக்கமாகப் பத்து மணிநேரம் நடந்தாலும் ஆட்டோ ஏறமாட்டார். இன்று பேசாமல் ஏறி உட்கார்ந்தார். மலையின் பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது. அடி அண்ணாமலையில் இறங்கிக் கொய்யாப்பழம் வாங்கி, சாலையோரக் கல்பலகையில் உட்கார்ந்தோம். கத்தியைப் பக்கத்தில் வைத்தேன். எடுத்து, ஒரே தள்ளில் திறந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது.

பழத்தோலில் அலகு வழுக்கியது. அழுத்தினார். சர்ரென்று சறுக்கி விரலுக்கு அருகில் வந்து நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அலகைத் தன் நகத்தின்மேல் மெதுவாக வைத்து இழுத்துப் பார்த்தார். நகத்தில் அது பிடிக்கவே இல்லை.

“இது கடையில வந்த மொண்ண இல்ல. தேச்சு மழுக்கினது. அண்ணி சொன்னாளா?”

நான் பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன்.

“பழசயும் அவதான் போட்டா, தெரியும். மொண்ணக் கத்திதாம்மா கைய வெட்டும். அன்னிக்கு அதுக்குக் கூர் போயிருந்தது. என் கையால வைக்க முடியல.” கத்தியைக் கல்மேல் வைத்து, “கூர் வச்சுக் குடு,” என்றார்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கல்பலகையின் விளிம்பிலேயே தேய்த்தேன். கருங்கல், கோப்பை அளவு நயம் வராது. இருந்தாலும் நகத்தில் பிடிக்கும்வரை விடவில்லை. துடைத்துக் கல்மேல் வைத்தேன். அவர் தோளிலிருந்த துண்டை மடியில் விரித்துப் பழத்தை வைத்தார், முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டார். நடுக்கம் நிற்கவில்லை. ஒரு துண்டு தடிமனாக, ஒரு துண்டு சன்னமாக வந்தது. நாலாவது துண்டில் நிறுத்திவிட்டார். பூட்டை விடுவித்து மடக்கப் பார்த்தார். மூன்று தடவை முயன்றும் கட்டைவிரல் கேட்கவில்லை.

பிறகு திறந்த கத்தியின் பிடியை என் பக்கமாக நீட்டினார்.

“கீழ வைண்ணா.”

“இன்னாத்துக்கு?”

“சண்ட வரும்.”

“வரட்டும். இன்னும் எத்தன தபா போடப் போறோம்? புடி. நீயே வச்சிக்கோ, அவ நிம்மதியா தூங்கட்டும்.”

கை ஆடிக்கொண்டே இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஆறரை மணி பஸ்ஸில் திரும்பினேன். செஞ்சி நெருங்கும்போது அண்ணனுக்குப் போன் போட்டேன். சண்டையை வேண்டுமென்றேதான் ஆரம்பித்தேன். ஆட்டோவில் சுற்றியதெல்லாம் கிரிவலமே இல்லை என்றேன். “சரிம்மா,” என்றார். வாங்கி வந்த சாமானை எடுத்துக்கொள்ளாத மனுஷன் எனக்கு இனிமேல் போன் செய்ய வேண்டாம் என்றேன். “சரிம்மா.” தையல் போட்டதை மறைத்ததற்கு உன்னோடு பேச்சே கிடையாது என்றேன். என் குரல் ஏறிப் பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுப்பவர் அவர். நான் காத்திருந்தேன்.

“சரிம்மா. பாத்துப் போ,” என்றார்.

இந்த பஸ்ஸிலும் ஜன்னல் மூடவில்லை. கண்டக்டரைக் கூப்பிடவில்லை.