செங்கழுகன் அம்மாவை வெட்டியது நான்தான்

எங்க ஏரியாவுல தியேட்டர் மேனேஜரா இருக்க சினிமா தெரிய வேணாம், எந்தக் கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வரும்னு தெரிஞ்சா போதும். ஒரகடத்துலேர்ந்து படப்பை போற ரோட்டுல ஒரு ஒத்தை ஸ்க்ரீன் தியேட்டர்ல பதினோரு வருஷமா நான் குப்பை கொட்டுறேன். படம் பாக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் கழுத்துல ஐடி கார்டு, கால்ல சேஃப்டி ஷூ, மடியில டிபன் பாக்ஸோட வருவாங்க. படம் முடிஞ்சா வீட்டுக்குப் போறவன் கம்மி, ஷிப்டுக்குப் போறவன் ஜாஸ்தி.

கவுன்ட்டருக்கு உள்பக்கம் உக்காந்து, செய்யாத தப்புக்கெல்லாம் திட்டு வாங்குற உத்தியோகம் பாக்குற புண்ணியவான்களே, நான் சொல்றது உங்களுக்குப் புரியும். என்ன ஒண்ணு, இந்தத் தடவை தப்பு செஞ்சதும் நானேதான்.

பாட்டோட போன அம்மா

'செங்கழுகன்'னு ஒரு சூப்பர் ஹீரோ படம். மத்த நேரம் லேத் மெஷின் ஓட்டுவான், ஆபத்துன்னா சிவப்பு இறக்கைய மாட்டிக்கிட்டுப் பறப்பான். நம்மள மாதிரியே ஷிப்ட் பாக்குற ஒருத்தன் பறக்குறான்ங்கிறதாலயே எங்க பக்கத்துப் பசங்களுக்கு அவன் மேல அப்படி ஒரு பித்து. போன வருஷம் அது ரிலீசானப்போ ஒரு சிக்கல். பதினோரு மணி காலை ஷோ முடிய ரெண்டு மணி ஆச்சு. செகண்ட் ஷிப்ட் பசங்களுக்கு எங்க வாசல்லயே ஒண்ணு அம்பதுக்குக் கம்பெனி பஸ். கிளைமாக்ஸ்ல ஹீரோ வில்லன் கழுத்தப் பிடிக்கிற நேரம், பாதி தியேட்டர் எழுந்து வெளியே ஓடும்.

ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தேன். மூணாம் நாள் எங்க ஆபரேட்டர் செல்வராஜ்கிட்ட, "செகண்ட் ஹாஃப்ல வர்ற பாட்டத் தள்ளி விட்டுடு"ன்னேன். சாமி சத்தியமா பாட்டை மட்டும்தான் சொன்னேன். பிள்ளைப்பாக்கத்துக்காரர், கையில எப்பவும் ஒரு அவசரம். பட்டன ஒண்ணுக்கு ரெண்டாத் தட்டி, பாட்டைத் தாண்டி, அதுக்கு அடுத்த சீனையும் தாண்டிட்டார். முகமூடியக் கழட்டாமலே, கையில இருக்கிற தழும்ப வச்சு செங்கழுகன் தன்னோட பையன்தான்னு அம்மா கண்டுபிடிக்கிற சீன் அது. அன்னிக்கு ஜனங்க கிளைமாக்ஸ முழுசாப் பாத்துட்டு பஸ் ஏறுச்சு. யாரும் வாயத் திறக்கல. அப்படியே எல்லா ஷோவுக்கும் பழகிடுச்சு.

இது விநியோகஸ்தர் காதுக்குப் போனா அடுத்த படம் தர மாட்டாங்க, எங்க ஓனர் என் நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துடுவார். "என்னய்யா, கதையே புரியாதே"ன்னு செல்வராஜக் கேட்டதுக்கு அவர் சொன்னார்: "அந்தம்மா கடைசில எப்டியும் அயுவப் போவுது சார். நடுவுல ஒரு தபா கொறஞ்சா இன்னா?"

தேதி தெரியாத மேனேஜர்

படம் போயிடுச்சு, நானும் மறந்துட்டேன். ஆறு மாசம் கழிச்சு, அந்த டைரக்டர் ஒரு வீடியோ போட்டார். தயாரிப்பாளர் தன் படத்தக் கெடுத்துட்டாராம், நிறைய சீன் சேர்த்து, தான் நினைச்ச மாதிரியே மாத்தி, மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டு வர்றாராம். இதுக்குப் பேரு டைரக்டர்ஸ் கட். அந்தச் சண்டையில படம் போன்லயும் வராம நின்னு போயிருந்துச்சு. அவ்வளவுதான். தியேட்டர் போன் மூச்சு விடாம அடிச்சுது.

எப்ப சார் ரிலீஸ், எத்தனை மணி நேரம் சார், இறக்கை கலர் மாத்திட்டாங்களாமே சார், உண்மையா? எனக்கென்னய்யா தெரியும், நான் என்ன அந்த இறக்கையத் தச்சுக் குடுத்தேனா! தண்டலம் பக்கத்துலேர்ந்து ஒரு காலேஜ் பையன் தினமும் காலைல பத்து மணிக்கு, டான்னு போன் பண்ணுவான். ஒரு நாள் பொறுமை போயி, "தம்பி, தேதி டைரக்டருக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்?"னு கத்திட்டேன். பையன் போன வைக்கல. அப்புறம் ரொம்ப மரியாதையாக் கேட்டான்: "சார், அப்ப தெரிஞ்சவங்க யாராவது பக்கத்துல இருந்தா போனக் குடுக்குறீங்களா?"

எனக்கு எதிரா நானே போட்ட கையெழுத்து

இசக்கிய உங்களுக்குச் சொல்லணும். வள்ளியூர் பக்கத்துப் பையன், வயசு இருபத்தஞ்சு. இங்க ஒரு பிரேக் பார்ட்ஸ் கம்பெனில கான்ட்ராக்ட்ல இருக்கான். ஒரே ரூம்ல ஆறு பேர், ஒரு ஃபேன். மொத ரெண்டு நாள் ஓவர்டைம்ல மாட்டிக்கிட்டு, மூணாம் நாள்லேர்ந்து செங்கழுகன எங்க தியேட்டர்லயே ஒன்பது தடவை பாத்தவன். ஊர்ல இருக்கிறவங்களுக்கு எத்தனையோ பெருமை இருக்கும், இவனுக்கு இருந்த ஒரே பெருமை, மாநிலம் பூராவும் இருக்கிற செங்கழுகன் ரசிகர் வாட்சப் குரூப்புக்கு அட்மின்ங்கிறதுதான்.

ஒரு நாள் ஒரு நீள நோட்டுப் புத்தகத்தோட என் ரூமுக்கு வந்தான். டைரக்டருக்கு அனுப்பப்போற கோரிக்கையாம். கம்பெனில மெஷின் லைன்ல ப்ராப்ளம் வந்தா எழுதுவாங்களே, அதே மாதிரி கட்டம் போட்டு, குறை என்ன, காரணம் என்ன, சரி செய்றது எப்படின்னு எழுதியிருந்தான். முதல் குறை: 'செங்கழுகன் யார் என்று அம்மாவுக்குத் தெரிந்தது எப்படி? சீன் இல்லை.' காரணம்ங்கிற இடத்துல, 'டைரக்டரின் கவனக்குறைவு'ன்னு இருந்துச்சு.

நோட்ட மூடி அவன் பக்கமே தள்ளினேன். "இதெல்லாம் எதுக்குப்பா, இருக்கிற கதை போதாதா?"ன்னு இழுத்தேன். அவன் விடுற மாதிரி இல்ல. பேனாவத் திறந்து என் கையிலயே வச்சுட்டான். என் கவனக்குறைவுக்கு வேற ஒருத்தரக் குத்தம் சொல்ற பேப்பர்ல, முதல் கையெழுத்த நானே போட்டேன். அதப் பாத்து அவன் சொன்னான்: "உங்கள மாதிரி சினிமாவ மதிக்கிற ஆள் நாலு பேர் இருந்தா போதும் சார்."

அட்மின் பதவி போன கதை

அந்தக் கோரிக்கைய அவன் குரூப்புல போட்டான் பாருங்க, புடிச்சுது சனி. மதுரை, சேலம், கோயம்புத்தூர்னு எல்லா ஊர்க்காரனும், 'அந்த சீன் படத்துல இருக்குடா, நாங்க பாத்து அழுதோமே'ன்னு எழுதுறான். இவன் ஒன்பது தடவை பாத்தவன், 'இல்லவே இல்ல'ன்னு சத்தியம் பண்றான். கடைசியில, படத்தையே பாக்காம திருட்டுத்தனமா அட்மின் ஆனவன்னு முத்திரை குத்தி, பதவியப் பிடுங்கிட்டாங்க.

மூணு நாள் கழிச்சு வந்தப்போ மொகமே செத்துப் போயிருந்துச்சு. எனக்குச் சோறு இறங்கல, நிஜமாத்தான் சொல்றேன். சொல்லிடலாம்னு ரெண்டு தடவை வாயத் திறந்து, ரெண்டு தடவையும் 'காபி சாப்புடுறியா'ன்னு கேட்டேன். இவ்வளவு வயசாகியும் ஒரு உண்மைய வெளிய கொண்டு வர வக்கில்ல எனக்கு. செல்வராஜ்கிட்டப் புலம்பினா அவர் பாட்டுக்கு லென்ஸத் தொடச்சுக்கினே சொல்றார்: "வுடு சார். புதுப் படத்துல அந்த சீன் வரும்ல? டைரக்டரு இப்பத்தான் சேத்தாருன்னு நெனச்சுக்கினு போறான்."

ஓகே ஸ்டிக்கர் ஒட்டின கட்-அவுட்

ஒருவழியா தேதி வந்துச்சு, ஒரு வெள்ளிக்கிழமை. உடனே கட்-அவுட். மத்த ஊர்ல சவுக்குக் கட்டையக் கட்டித் துணிய விரிப்பான். இங்க எல்லாப் பயலும் வெல்டரு, ஃபிட்டரு. இரும்பு ஆங்கிள்ல ஃப்ரேம் அடிச்சு, இறக்கை ரெண்டையும் போல்ட் போட்டு மாட்டி, ஒவ்வொரு போல்ட்டையும் அளவு காட்டுற டார்க் ரெஞ்ச் ஸ்பேனர வச்சு முறுக்கி, முறுக்கினதுக்கு அடையாளமா மஞ்சள் பெயின்ட்ல கோடு வேற. செங்கழுகன் நெஞ்சுல பச்சைக் கலர்ல 'குவாலிட்டி ஓகே' ஸ்டிக்கர்!

எல்லாம் சரி, இடது இறக்கை ரோட்டுப் பக்கம் நாலடி நீட்டிக்கிட்டு நிக்குது. கார் ஏத்திக்கிட்டுப் போற டிரெய்லர் வண்டி ஒவ்வொண்ணும் அதுக்குக் கீழ வந்து பிரேக் போடுது. கழட்டுங்கடான்னா, டிராயிங்ல அப்படித்தான் இருக்குன்னு பேப்பரக் காட்டுறான். "காத்தடிச்சு எவன் தலையிலயாவது விழுந்தா யார்றா பதில் சொல்றது?"ன்னு நான் எகிற, ஃப்ரேம் அடிச்சவன் அலட்டிக்காமச் சொன்னான்: "காத்தடிச்சா உங்க தியேட்டர் வுயும் சார், இது நிக்கும்."

லைன் ஓடணும்

புதன்கிழமை சாயங்காலம், இசக்கி கம்பெனி சூப்பர்வைசர் நேர்ல வந்துட்டார். வெள்ளிக்கிழமை செகண்ட் ஷிப்டுக்கு ஒரே லைன்ல பதினாலு பேர் லீவு கேட்டிருக்கான். அதுல ஏழு பேருக்குப் பல்வலி. நல்லா வருது வாயிலன்னு என்கிட்டக் கொட்டித் தீத்தார். ஒருத்தனுக்கும் லீவு கிடையாதாம், கான்ட்ராக்ட் பசங்க ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும் திருப்பி அனுப்பச் சொல்லி கேட்ல எழுதியே ஒட்டிட்டாராம். "படத்த ஞாயித்துக்கிழமை போட்டா என்ன சார்? உங்களுக்குப் பொறுப்பே இல்லையா?"ன்னு என் மேலயே ஏறுறார்.

ரிலீஸ் தேதி நான் வைக்கிறது இல்லன்னு விளக்கி, தண்ணி குடுத்து அனுப்பினேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, குரலத் தாழ்த்திக்கிட்டு கேட்டார்: "அந்தக் காலை ஷோவுக்கே பின்னாடி வரிசையில ரெண்டு சீட்டு இருக்குமா?"

நானே போட்ட லைவ்

வெள்ளிக்கிழமை. புதுப் படம் மூணரை மணி நேரம். எந்தத் தியேட்டரா இருந்தாலும் ஒரு நொடி குறைஞ்சாலும் பாத்துக்கோங்கன்னு விநியோகஸ்தர் தரப்புலேர்ந்து ஏற்கெனவே சொல்லிட்டாங்க. பத்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது, கட்-அவுட் திறப்பு விழாவுல பத்தேகால் ஆயிடுச்சு.

அந்த அமளியில இசக்கி என் ரூமுக்கு வந்தான். லீவு கிடைக்கல, டிபன் பாக்ஸும் கையுமா நிக்குறான். ஆனா மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். இன்டர்வெல்ல தியேட்டர் வாசல்லேர்ந்து ஃபேஸ்புக் லைவ் போட்டு, அத குரூப்புல விடப் போறானாம். புது டிரெய்லர்ல வர்ற அம்மா சீனை டைரக்டர் இப்பத்தான் சேத்திருக்கார், நான் சொன்னதுதான் சரி, எல்லாரும் மன்னிப்புக் கேளுங்கன்னு சொல்லப் போறானாம். அந்த சீன் போன வருஷமே இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். இவன் லைவ்ல போய் நின்னா சிரிப்பா சிரிச்சுடுவாங்க. அட்மின் மட்டுமில்ல, இனிமே அந்தப் பக்கமே தலை காட்ட முடியாது.

இப்ப சொல்லாட்டி நான் மனுஷனே இல்லன்னு தோணுச்சு. கதவச் சாத்திட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். பாட்டு, பஸ், செல்வராஜோட ரெண்டு தட்டு, நான் போட்ட கையெழுத்து எல்லாத்தையும். அவன் டிபன் பாக்ஸ மேஜை மேல வச்சான். அடிச்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். "ஒன்பது தடவ பாத்தேன் சார். எனக்கே எம்மேல சந்தேகம் வந்துட்டு"ன்னான். அதக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவன் போனை எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான்: "இப்ப என்கிட்டச் சொன்னிய பாத்தியளா, அத அப்படியே இதுல சொல்லுங்க சார்."

கேபின் கதவு

சொன்னேன். பேரு, தியேட்டர், வேலை, வெட்டினது, எல்லாம். பாதிப் படம் ஓடுறதுக்குள்ள அவனுக்கு அட்மின் பதவி திரும்ப வந்துடுச்சு, எனக்கு விநியோகஸ்தர் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துடுச்சு. ஓனர் மூணு நாள் என்கூடப் பேசல. நாலாம் நாள், ஷோவப் பஸ் டைமுக்குப் பாத்துப் போடத் தெரிஞ்ச ஆள் வேற யாரும் சிக்கலைன்னு விட்டுட்டார்.

ஆனா நான் சொல்ல வந்தது அன்னிக்கு ஒண்ணு நாப்பதுக்கு நடந்தது. நானும் செல்வராஜும் படம் ஓட்டுற கேபின்ல இருந்தோம். கதவ யாரோ இடிச்ச இடியில செல்வராஜ் ஸ்டூலத் தூக்கிக் கையில வச்சுக்கிட்டார். திறந்தா இசக்கி. கண்ணெல்லாம் செவந்திருக்கு, அப்பத்தான் அந்த அம்மா சீன் முடிஞ்சிருக்கு. உதைக்கத்தான் வந்திருக்கான்னு நான் ரெண்டு கையையும் கூப்பினேன். வந்தவன் எங்களப் பாக்கவே இல்ல. சுவத்துல மாட்டியிருந்த கடிகாரத்தப் பாத்தான், கண்ணத் தொடச்சான், ஒரு ஃப்ரேம்கூட விடக்கூடாதுன்னு ஆறு மாசம் ஊரக் கூட்டின அந்தப் புண்ணியவான் என் காதுகிட்ட வந்து சொன்னான்: "அம்மாவப் பாத்துட்டேன் சார், அது போதும். இப்ப ஆரம்பிச்ச பாட்ட மட்டும் கொஞ்சம் தள்ளி விடச் சொல்லுங்களேன், பஸ்ஸு வந்துரும்லா?"

தயாரிப்பாளர் வெட்டினாலும் சரி, டைரக்டர் ஒட்டினாலும் சரி, எங்க ஊர்ல எந்தப் படத்துக்கும் 'சுபம்' போடுறது வாசல்ல அடிக்கிற கம்பெனி பஸ் ஹாரன்தான்.