ஒன்றரை நட்சத்திரம்

என் கணவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஒன்றரை என்பார்கள். நாளிதழின் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் சினிமா விமர்சனம் எழுதுவது அவர் வேலை. ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று கடைசியில் போட வேண்டும். ஊரே கொண்டாடும் பெரிய படம் எதுவானாலும் அவர் போடுவது ஒன்றரைதான். ஒன்று போட மனசு வராது, இரண்டு போடக் கை வராது. கல்யாணமான புதிதில் என் சமையலுக்கு எத்தனை என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, மூன்றே கால் என்றார். இரண்டு நாள் நான் பேசவில்லை.

நான் ஒரு தியேட்டரில் டிக்கெட் கவுண்ட்டரில் இருக்கிறேன். கண்ணாடியில் ஒரு வட்ட ஓட்டை, அதற்குப் பின்னால் பதினேழு வருஷம். படத்தை விற்கிறவளும் படத்தைக் கிழிக்கிறவரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், அந்த எட்டாம் பாகம் வரும்வரை.

பதினான்கு வருஷத்தில் ஏழு பாகம் வந்த தொடர் அது. எட்டாவதுதான் கடைசி, அதில் கதாநாயகன் சாகப் போகிறான் என்று டிரெய்லரிலேயே தெரிந்துவிட்டது. முதல் பாகத்துக்கு அரைக்கால் சட்டையில் வந்தவர்கள் இப்போது இடுப்பில் பிள்ளையோடு வந்தார்கள். போனிலேயே சீட் பிடித்தவர்கள்கூட, பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று காகித டிக்கெட்டை என்னிடம் கேட்டு வாங்கிப் போனார்கள். எனக்கு டிக்கெட் அக்கா என்று பெயர். நான் யாருடைய மனைவி என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மேனேஜருக்கு மட்டும் தெரியும், அவர் வாய் திறக்க மாட்டார்.

அந்தக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவர் உண்டு. எப்போதும் இரண்டு டிக்கெட் வாங்குவார், ஒருவராகத்தான் உள்ளே போவார். முதல் மூன்று பாகத்தை அண்ணனோடு பார்த்தாராம். நான்காவது வருவதற்குள் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து பக்கத்து சீட்டைக் காலியாக விட்டுத்தான் பார்ப்பார். "அவனை விட்டுட்டு எப்படிக்கா பார்க்கிறது?" என்று ஒருநாள் கேட்டார். மீதிச் சில்லறையை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

என் கணவர் பார்த்தது வேறு இடத்தில். பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே போட்டுக் காட்டுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, சின்ன அரங்கம், இருபது பேர், ஆளுக்கு ஒரு காபி. அங்கே சிரிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவர் சிரித்தால் மற்ற பத்தொன்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். இவரிடம் நுனியில் சின்ன விளக்கு வைத்த பேனா ஒன்று இருந்தது. இருட்டில் அதை அழுத்தி, தோன்றியதைத் தோன்றியவுடன் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொள்வார். பிறகு வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து எழுதுவார். அன்றும் எழுதிவிட்டு எனக்கு வாசித்துக் காட்டினார். "ஒரு சாவை மூன்று மணி நேரம் இழுத்திருக்கிறார்கள். பிணமே கொட்டாவி விடும்" என்று முடித்து, கீழே ஒன்றரை போட்டிருந்தார்.

நான் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

புதன்கிழமை இரவே அது பத்திரிகையின் இணையதளத்தில் வந்துவிட்டது. வியாழக்கிழமை அவர் போன் ஓயவில்லை. திட்டுவது பழக்கமான விஷயம்தான், அதிலும் எழுத்துப்பிழைகளைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டுவார். வெள்ளிக்கிழமை காலையில் திட்டு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு போட்டோ வந்தது. எங்கள் வீட்டு கேட். ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. மதியம் இன்னொன்று, எங்கள் மாடிப்படி. சாயங்காலம் மூன்றாவது வந்தது. வாசலில் அவர் கழற்றிப் போட்டிருந்த செருப்பு.

வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ மேலே ஏறி வந்து, நின்று, குனிந்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு, "செருப்பைப் படம் எடுத்ததுக்கு என்ன கேஸ்மா போடுறது?" என்று கேட்டார்கள். பத்திரிகையில் ஒரு வாரம் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள்.

சனிக்கிழமை என் கவுண்ட்டரில் அதே பேச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றபடியே, எனக்குக் கேட்கும்படி பேசிக்கொண்டார்கள்.

"அக்கா, அந்த ஒன்றரை இங்க வருவானா? வந்தா ஒரு சிக்னல் குடுங்க."

"அவரெல்லாம் இங்க ஏம்ப்பா வரப் போறாரு?" என்றேன். என் கை அடித்த டிக்கெட் தப்பான காட்சிக்குப் போய்விட்டது, திரும்ப அடித்தேன்.

ஆம்புலன்ஸ்காரர் மட்டும் நிதானமாகச் சொன்னார். "அடிக்கணும்னு இல்லக்கா. எங்க நடுவுல உக்காந்து ஒரு தடவ பார்க்கட்டும். அப்புறமும் அதே வார்த்தையை எழுதுனார்னா அவர் மனுஷனே இல்ல."

அது எனக்கு நியாயமாகப் பட்டது. அங்கேதான் என் புத்தி கெட்டது. வீட்டுக்கு வந்து அவரை விடவில்லை.

"நீங்க பார்த்தது வேற படம்ங்க. உங்களுக்கு அது பத்து மணிக்கு ஆரம்பிச்சுது. அவங்களுக்குப் பதினாலு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு."

"அதுக்காக நல்லால்லாததை நல்லாருக்குன்னு சொல்லச் சொல்றியா?"

"சொல்ல வேணாம். ஒரு தடவ அவங்களோட உக்காந்து பாருங்க. பார்த்துட்டு என்ன தோணுதோ எழுதுங்க. ஒருவேளை அவங்க கோபம் அடங்கும்."

அவர் பயந்தாங்கொள்ளி இல்லை, ஆனால் இரண்டு நாளாக வாசல் கதவைப் பார்த்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "சரி, நாளைக்கு மூணு மணி ஷோ" என்றார். மறுநாள் கிளம்பும்போது சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, நோட்டும் பேனாவும் எடுத்து வரவில்லை என்று சத்தியம் செய்தார். பேன்ட் பையை நான் தட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. எள் விழ இடமில்லாத அரங்கம். தலையில் தொப்பி, முகத்தில் மருந்துக்கடை மாஸ்க், கடைசி வரிசையில் ஓர சீட். அவரை ஊழியர் வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டு, காட்சி தொடங்கியதும் கவுண்ட்டரை மூடிக்கொண்டு வந்து கீழே வாசல் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்றேன். நான் பார்த்தது அவரை மட்டும்தான். முதல் அரைமணி நேரம் மரம்போல இருந்தார். பிறகு ஏதோ ஒரு பழைய வசனத்தைத் திரையில் சொல்வதற்கு முன்னால் அரங்கமே சொன்னது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடைவேளைக்குப் பிறகு ஒருமுறை சிரித்தார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன்.

சாவுக் காட்சி வந்தது. திரை கிட்டத்தட்ட முழுக்க இருண்டுவிடும், இசைகூட நின்றுவிடும். அறுநூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அழுதார்கள். அந்தக் கும்மிருட்டில், கடைசி வரிசையில், ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருக்கு முப்பத்திரண்டு வயதில் வந்த பழக்கம், அதுவும் விடவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லி நான் கையை ஆட்டினேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"எவன்டா அது லைட்டு?"

"எழுதறான்டா! டேய், எழுதறான்!"

எழுதுகிறவன் யாராக இருக்க முடியும்? ஒருவன் தொப்பியைத் தட்டினான், இன்னொருவன் மாஸ்க்கை இழுத்தான். நூறு போன் விளக்குகள் அவர் முகத்தில் விழுந்தன. முகம் நனைந்திருந்ததை நான் வாசலிலிருந்தே பார்த்தேன், பக்கத்தில் நின்றவர்கள் அதைப் பார்க்கவில்லையா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஆம்புலன்ஸ்காரர் இரண்டு வரிசை தாண்டி ஓடிவந்து நோட்டைப் பிடுங்கினார். போன் வெளிச்சத்தில் பிடித்து உரக்க வாசித்தார்.

"காட்சி நீளம். பாதியாக வெட்டியிருக்கலாம்."

அதற்கு மேல் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. நான் கத்திக்கொண்டே படியேறினேன். "விடுங்க, என் வீட்டுக்காரர், விடுங்க" என்றது யார் காதிலும் ஏறவில்லை. எத்தனை கைகள் தள்ளின என்று தெரியாது. அந்தப் படிகள் செங்குத்தானவை. அவர் என்னைத் தாண்டி உருண்டு போனார், பின்னந்தலை கீழே இரும்புக் கம்பியில் மோதிய சத்தம் கேட்டபோது அரங்கம் அப்படியே நின்றது.

முதலில் அசைந்தவர் ஆம்புலன்ஸ்காரர்தான். கூட்டத்தை விலக்கி, கழுத்தை அசைக்காமல் தூக்கி, தன் வண்டியையே வரவழைத்தார். கூட வேலை பார்க்கும் நண்பர் ஓட்ட, இவர் பின்னால் என்னோடு உட்கார்ந்து காயத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். "அக்கா, நீங்களா, நீங்க அவரோட..." என்று தொடங்கி முடிக்கவில்லை. அவருடைய இன்னொரு கையில் நோட்டு அப்படியே இருந்தது. எதையாவது பார்க்க வேண்டுமே என்று அதைப் பார்த்திருப்பார். வாசிப்பதுபோல் அவர் உதடு அசைவதைக் கவனித்து, பிடுங்கிப் படித்தேன். முதல் வரிக்குக் கீழே கோணல்மாணலாக இன்னொரு வரி இருந்தது.

"ஆனாலும் அப்பா போன நாளுக்குப் பிறகு இன்றுதான் அழுகிறேன். நட்சத்திரம் போட எனக்கு என்ன யோக்கியதை?"

அந்த மனிதர் அழுதுகொண்டே என் கணவரின் காதருகில் குனிந்தார். "இதை ஏன் சார் முதல்ல எழுதல? இதை முதல்ல எழுதியிருக்கலாமே சார்."

இவர் கண்ணைத் திறந்தார். கேள்வியை யோசித்தார், எதையும் யோசித்துத்தான் சொல்வார்.

"முதல்ல தோணினது நீளம்தான் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது நான் அவர் கையைப் பிடித்திருந்தேன், அதில் நாடி இல்லை.