சாச்சிக்கு மட்டும் ஓர் அலுமாரி

என் கைபேசியில் பதினான்கு விநாடி வீடியோ ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பாலும் கேட்பது என் சிரிப்புத்தான். அதற்கு அடியில் இன்னொரு குரல் இருக்கிறது. அது சாச்சியுடையது, உம்மாவின் தங்கை. கைபேசியைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவர். குரல் செய்தியும் அனுப்பமாட்டார். அவர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவருடைய குரல் இந்த ஒரு வீடியோவைத் தவிர வேறெங்கும் பதிவாகவில்லை.

கெம்பஸ் முடித்து கொழும்பில் ஒரு பயண முகவர் நிலையத்தில் சேர்ந்த புதிது. உல்லாசக் கப்பலில் நான்கு நாள் போய்வர அலுவலகம் இரண்டு இடம் தந்தது. கடலைக் கண்டாலே வயிற்றைப் பிரட்டுகிறது என்று உம்மா கழன்றுகொண்டார். ஆகவே சாச்சி. புத்தளத்துக்குப் பக்கத்தில், கரைத்தீவில் எங்கள் வீட்டின் பின்னறைதான் அவருடையது. ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், கட்டிலுக்கடியில் ஒரு பை. உடுப்பெல்லாம் அந்தப் பைக்குள்தான். துவைத்து, காயவைத்து, மடித்து, திரும்பவும் பைக்குள். உம்மாவின் அலுமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தும் வைக்கவில்லை. "சாச்சி பஸ்ஸுக்குப் பாத்துக்கொண்டு இருக்கிற ஆள்" என்று நாங்கள் நக்கலடிப்போம். அவரும் சிரிப்பார். "ஓம் மகன், பஸ் வந்தா நான் முதல் ஆள், நீ தொங்கிக்கொண்டு வா."

கப்பலில் ஏறும்போது நான் பெரிய சீன். கறுப்புக் கண்ணாடி, புது டெனிம் ஜாக்கெட். சாச்சியோ கையில் கொடுத்த அட்டையை அடையாள அட்டை மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சோதனை செய்கிற ஒவ்வொருவரிடமும் கேட்காமலே நீட்டினார். அறைக்குள் போனால் கட்டில்மேல் துவாயை யானைபோல மடித்து வைத்திருந்தார்கள். நான் உதறப்போனேன். "தொடாத! ஆரோ ஒரு பொடியன் மெனக்கெட்டுச் செஞ்சது" என்று தூக்கிக் கதிரையில் உட்காரவைத்தார். பிறகு சுவரோடு இருந்த அலுமாரியைத் திறந்தார்.

"இது எனக்கு மட்டுமா?"

"ஓம் சாச்சி. நாலு நாளைக்கு உங்கட சொத்து."

"அப்ப உன்ட?"

"எனக்குக் கதிரை காணும். யானையோட இருக்கிறன்."

ஒவ்வொரு உடுப்பாக எடுத்தார், உதறினார், கொழுவினார். இரண்டு அபாயா, மூன்று சேலை. பிறகு பையைத் தட்டையாக மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளினார். அந்தப் பை வெறுமையாகக் கிடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, படமெடுக்க மேல்தளத்துக்குப் போய்விட்டேன். புறப்படுமுன் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும் என்று மேசையில் ஒரு தாள் இருந்தது. வாசித்தேன். சாச்சிக்குச் சொல்லத் தோன்றவில்லை.

கப்பல் இந்தியாவிலிருந்து வந்தது. அதனால் ஒலிபெருக்கி தமிழிலும் பேசியது: எல்லோரும் உடனே அறைகளை விட்டு வெளியேறுங்கள், பொருட்கள் எதையும் எடுக்காதீர்கள், குறித்த இடத்தில் ஒன்றுகூடுங்கள். ஆட்கள் பானங்களை உறிஞ்சிக்கொண்டே வந்து வரிசையில் நின்றார்கள். கடைசியாகச் சாச்சி வந்தார். சேலைக்குமேல் அபாயா, அதற்குமேல் இன்னோர் அபாயா, எல்லாவற்றுக்கும் மேல் என் டெனிம் ஜாக்கெட். வேர்த்து வழிகிறது. மாலுமி ஒருவன் உயிர்காப்பு அங்கியை மாட்டிவிடப் பார்த்தான். பட்டி எட்டவே இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் கூடச் சிரித்தேன். "சாச்சி, என்ன கோலம் இது, பெஷன் ஷோவா?" என்று வீடியோ எடுத்து, அங்கேயே நின்று குடும்பக் குழுவில் போட்டேன். ஒரு நிமிடத்தில் மச்சான்மார் எல்லாரிடமிருந்தும் சிரிப்புப் பொம்மைகள்.

அடுத்து உம்மாவின் குரல் செய்தி வந்தது. "ஏன்டா, உனக்கு மூளை இல்லையா? தொண்ணூறுல மன்னார்ல இருந்து முஸ்லிம் ஆக்கள வெளியேத்தக்குள்ள இயக்கம் ஸ்பீக்கர்ல சொன்னதும் இதுதான். எல்லாத்தையும் வெச்சிட்டு வெளிக்கிடுங்க எண்டு. பையப் பறிச்சாலும் உடம்புல கிடக்கிறது மிஞ்சும் எண்டு அவ மூணு உடுப்ப ஒண்டுக்குமேல ஒண்டு போட்டுக்கொண்டுதான் தோணியில ஏறினவ. அழிடா அத."

குழுவிலிருந்து அழித்தேன். அறைக்குப் போனபோது அலுமாரிக்குள் கொழுவிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. பை நிறைந்து, பூட்டி, கதவோரம் இருந்தது. என் ஜாக்கெட் மடித்துக் கட்டில்மேல் இருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத அழிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் சாச்சி." பொய். கைபேசியில் இருந்தது.

அந்த நான்கு நாளும் அவர் பையிலிருந்துதான் உடுத்தார். அதைப் பற்றி ஒரேயொரு தடவை, கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்டைக்கு ஸ்பீக்கர்ல சொன்ன பொடியனும் மரியாதையாத்தான் சொன்னான், மகன்."

போன நோன்புக்குப் பிறகு ஒரு பகல், தையல் மெஷினுக்கு முன்னாலேயே சாய்ந்துவிட்டார். மையித்தைச் சுற்றி அடக்குகிற கபன் துணி எடுக்கப் புத்தளம் டவுனுக்கு நான்தான் போனேன். பெண் மையித்தா என்று கடைக்காரர் கேட்டார். ஓம் என்றேன். அப்படியென்றால் ஐந்து துணி, ஒன்றுக்குமேல் ஒன்று என்றார். கல்லாவுக்கு முன்னால் நின்று அழுதேன்.

அடக்கிவிட்டு வந்து பின்னறையில் உட்கார்ந்தேன். கட்டிலுக்கடியில் பை. காதுக்குள் இயர்போனை வைத்து அந்த வீடியோவைப் போட்டேன். ஒன்பதாவது விநாடி வரைக்கும் என் சிரிப்பு எதையும் கேட்கவிடவில்லை. அழிக்கச் சொன்னதை நான் இன்னும் அழிக்கவில்லை. இனி எப்படி அழிப்பது? பத்தாவது விநாடியில் நான் மூச்செடுக்கிறேன். அந்த இடைவெளியில், ஜாக்கெட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவசரமாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சாச்சி சொல்கிறார்:

"உன்டதையும் போட்டுக்கொண்டு வந்திட்டன். பயப்படாத மகன்."