மெஷின்காரர் மணியனும் சௌந்திரத்தின் தாலிக்கொடியும்

மணியன் பதினெட்டு வருஷம் போர் போடுகிற ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் மண்ணைத் துளைத்தவர். ஆயிரம் அடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, ஒருநாள் பைப் இறக்கும்போது இடது கையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தார். அதற்கப்புறம், ஒரு அடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும் என்று ஊர் திரும்பிவிட்டார்.

அதற்காக ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினார். கைத்தடியின் நுனியில் தோசைக்கல்லைப் பற்றவைத்தது போல இருக்கும். திருச்செங்கோட்டிலிருந்து தம்மம்பட்டி வரைக்கும் யார் தோடு, மோதிரம், கொலுசு தொலைத்தாலும் 'மெஷின்காரருக்குப் போன் போடு' என்பார்கள். மெஷினுக்குப் பாரபட்சம் தெரியாது. தங்கத்துக்கும் கத்தும், தகரத்துக்கும் கத்தும். நாமக்கல் சீமையின் காடுகளில் கடலையைவிட அதிகமாக விளைவது பிராந்தி பாட்டில் மூடிதான் என்பதை அரசாங்கத்துக்கு முன்பே கண்டுபிடித்தவர் மணியன்.

ஆவணியில் ஒருநாள் விடியக்காலம் சென்னம்மாள் என்கிற அம்மா போன் போட்டார்.

"எந்தம்பி பொண்டாட்டி தாலிக்கொடியைக் காட்டுல தொலைச்சுப்போட்டாளுங்க. நாளைக்குள்ள வேணுமுங்க."

"ஏனுங்க, நாளைக்கு என்ன விசேஷம்?"

"எந்தம்பிக்குக் கருமாதிங்க. தாலி வாங்கோணுமில்ல? வாங்கறதுக்குத் தாலி வேணுமில்ல?"

தொலைத்தவர்கள் போட்டுக்கொள்ளத்தான் மணியன் இதுவரை தேடிக் கொடுத்திருக்கிறார். கழற்றுவதற்காகத் தேடச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அன்றைக்குக் காலையிலேயே போய்ச் சேர்ந்தார். ஒன்றரை ஏக்கர் கடலைக்காடு, பாதிதான் களை எடுத்திருந்தது. வரப்பில் சௌந்திரம் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. எழவு விழுந்த அன்றைக்கு, நாலு பேர் வந்து பார்க்கிற கழுத்து மொட்டையாக இருக்கக் கூடாதென்று சென்னம்மாள் அவசரத்தில் கட்டிவிட்டது.

"எங்கீங்க போட்டீங்க?"

"களை புடுங்கறப்பங்க. ஊட்டுக்குப் போயி மூஞ்சி கழுவறப்பத்தான் கழுத்தத் தொட்டுப் பாத்தேன்." கயிற்றைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டாள். "அவரு மூணு நாளாத் தேடுனாருங்க. சோறுகூட வரப்புலதான். ஒரு வார்த்தை வையலீங்க. 'கெடைக்கும் புள்ள, மண்ணு திங்கவா போவுது'ன்னாரு. நாலாம் நாளு விடியக்காலம் போனவரு, மோட்டார் ரூமுகிட்ட உளுந்து கெடந்தாருங்க. நெஞ்சுன்னாரு டாக்டரு."

பின்னாலேயே வந்த சென்னம்மாள் சொன்னார்: "ஊரே சொல்லுதுங்க. தாலி போச்சு, பின்னாலயே ஆளும் போச்சுன்னு."

ஊர் எங்கே சொன்னது? முதலில் சொன்னதே அந்த அம்மாதான். ஊர் கேட்டுக்கொண்டதோடு சரி.

சௌந்திரம் அதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். "ஆமாங்க. நான் தொலைச்சது தாலியில்லீங்க, ஆளையே. கெடைச்சா அவரு மண்ணுமேட்டுல வச்சு, இந்தா உங்க பொருளுன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். அவ்வளவுதானுங்க."

மணியன் பாத்தி பாத்தியாக நடந்தார். மூடி ஏழு, லாரி நட்டு ஒன்று, அரிவாள் நுனி ஒன்று. மத்தியானம் ஆனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சௌந்திரம் வரப்பிலிருந்து எழுந்து நிற்பாள். மணியன் தலையை ஆட்டியதும் உட்கார்ந்துகொள்வாள். அவள் எழுவதைப் பார்க்க முடியாமல், மூடிகளை மெஷின் கண்டுகொள்ளாமல் இருந்தால் தேவலை என்று அவருக்கே தோன்றிவிட்டது.

கடைசியில், அவமானத்தை என்னவென்று சொல்ல, மூத்திரம் பெய்யத்தான் வேலி ஓரம் ஒதுங்கினார். மெஷினை அணைக்க மறந்து தோளில் தொங்கப் போட்டிருந்தார். அந்த மூலையில்தான் சௌந்திரத்தின் புருஷன் சின்னண்ணனைப் புதைத்த மண்மேடு. அதையொட்டி வேலிக்குள், அவர் படுத்த பாய், தலகாணி, சாகும்போது உடுத்தியிருந்த துணி எல்லாம் மழையில் நனைந்து சேறாகிக் கிடந்தன. மெஷின் கத்தியது.

மணியன் குச்சியை எடுத்தார்.

"அய்யோ, அதைத் தொடாதீங்க! தீட்டு!" சென்னம்மாள் தூரத்திலிருந்து அலறினார்.

மணியனுக்குப் போன விரல் இரண்டும் தீட்டில் போனவை அல்ல. குச்சியால் சட்டையைப் புரட்டினார், வேட்டியைப் புரட்டினார். அடியில் ஒரு ஈரிழைத் துண்டு. அதன் முனையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு முடிச்சு.

செத்தவர் துணியை யாரும் உதறிப் பார்ப்பதில்லை. குளிப்பாட்டும்போது அவிழ்த்ததைச் சுருட்டிக் கொண்டுவந்து எறிந்ததோடு சரி. மூன்று நாள் காடு முழுக்கத் தேடிய பொருளை, ஊரே கூடி நின்று தூக்கி எறிந்திருக்கிறது.

சௌந்திரம் ஓடி வந்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. துண்டைப் பிடுங்கி, சேற்றோடு சேற்றாகப் பல்லில் கடித்து இழுத்தாள். கொடி அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"அப்போ அவரு கண்டுபுடிச்சுட்டாருங்களா?"

"ஆமாங்க. எடுத்துட்டு ஊட்டுக்குத்தான் வந்துட்டிருந்திருக்காரு."

சென்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அதிக நேரம் பொத்த முடியவில்லை. "கெடைச்ச சந்தோசத்துல நெஞ்சு தாங்கலையோ என்னமோ" என்றார்.

சௌந்திரம் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மண்ணுமேட்டுப் பக்கமும் போகவில்லை. கொடியை முந்தானையில் துடைத்துத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டாள். 'இனிமேல் போடக் கூடாது' என்று சொல்ல வந்த சென்னம்மாள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காத்தால பத்து மணிக்குப் பந்தல்ல உக்கார வெப்பாங்க புள்ள" என்று மட்டும் சொன்னார்.

"செரிங்க நங்கை" என்றாள் நாத்தனாரிடம். பிறகு மணியனைப் பார்த்தாள். "அவரு எந்த எடத்துல எடுத்தாருன்னு உங்க மெஷினு சொல்லுமுங்களா?"

தங்கம் இருக்கிற இடத்தைத்தான் மெஷின் சொல்லும். இருந்த இடத்தைச் சொல்ல இன்னும் எவனும் மெஷின் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் மணியன் வாயைத் திறந்தார்.

"பாக்கலாம் வாங்க" என்றார்.

மெஷினை ஆட்டிக்கொண்டே காட்டுக்குள் நடந்தார். பின்னாலேயே அவள். மெஷின் வாயைத் திறக்கவில்லை. களை எடுத்ததும் எடுக்காததும் சேருகிற பாத்தியில், கடலைச் செடிகளுக்கு நடுவே கொஞ்சம் மண் கிளறினாற்போல இருந்த இடத்தில் நின்றார். கோழி கிளறியதாகக்கூட இருக்கலாம்.

"இங்கதானுங்க."

"நெசமாவா?"

"ஆமாங்க. இங்கதான்."

சௌந்திரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அந்த மண்ணை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டும் போலிருந்ததோ என்னவோ, நன்றாகக் குனிந்தாள். கொடி சரிந்து மெஷினுக்கு முன்னால் தொங்கியது. அதுவரை சும்மா இருந்த மெஷின் வீலென்று கத்தியது.

மணியன் பதறிப்போய் ஸ்விட்சைத் தேடினார். இருக்கிற மூன்று விரலுக்கு அது உடனே அகப்படவில்லை.