குளக்கரையில் நான் பிடித்த கயிறு

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொற்கைப் பக்கம் ஒரு பாசனக் குளத்துக்கு நான் ஓவர்சியர். புதிதாகப் படித்துவிட்டு வந்த திமிர் எனக்கு நிறையவே உண்டு. கரையோ பழசு, மடையை ஒட்டி விரிசல் வேறு. சிமெண்டு கேட்டு எழுதினால், யுத்தம் முடியட்டும் என்று பதில் வரும். ஐப்பசி மழை அதுவரை காத்திருக்குமா?

ஒருநாள் காலை கரையின் வெளிப்புறம், அடியில் தண்ணீர் கசிந்தது. மடைக்காரர் பதறினார். "வெளிய அடைக்காதிய சார். உள்ள ஓட்டை எங்கன இருக்குன்னு பாத்து அங்கன அடைக்கணும்."

நான் கேட்டால்தானே! களிமண்ணும் மணல்மூட்டையும் போட்டு வெளியிலேயே அடைத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பத்தடி தள்ளித் தண்ணீர் பீறிட்டது, செம்மண் கலங்கலாக. கலங்கல் வந்தால் கரையை உள்ளிருந்து அரிக்கிறது என்று அர்த்தம். கீழே ஒரு தெரு முழுக்கக் குடிசைகள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். இனிக் குளத்துக்குள் முங்கித்தான் ஓட்டையை அடைக்க வேண்டும். யார் முங்குவது?

கடல் கொந்தளிப்பால் தொழில் இல்லாமல், தூத்துக்குடியிலிருந்து மனைவியோடு கருவாடு விற்க வந்திருந்தார் ஒரு சங்கு குளிக்கிறவர். தானே இறங்குவதாகச் சொன்னவர், கயிற்றை இடுப்பில் கட்டியதும் தயங்கினார்.

"எங்க தொழில்ல கயித்த மச்சினந்தான் பிடிக்கணும் சார். கூடப்பிறந்தவ தாலிக்குப் பயந்து விடமாட்டாம்லா. அவன் ஊர்ல கெடக்கான்."

அவர் மனைவி கயிற்றை என் கையில் திணித்தாள். "அண்ணே, நீங்க பிடிங்க. தப்புப் பண்ணுனவுகதான் விடாமப் பிடிப்பாக."

சுருக்கென்றது. கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

ஒருமுறை சுண்டினால் இழுக்க வேண்டும். அதுதான் கணக்கு. வைக்கோலும் களிமண்ணும் திணித்த சாக்கோடு மடையோரம் முங்கினார், சுண்டினார், இழுத்தேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை கயிறு விறைத்து நின்றது. சுண்டவே இல்லை. இழுக்கவா, பொறுக்கவா? அந்தப் பெண் தண்ணீரையே பார்த்துக்கொண்டு ஜெபம் சொன்னாள். கடவுளே, இந்த மனுஷனைக் கொன்றுவிட்டேனா!

"இழுங்கலே!" என்று கத்தினேன். நாலு பேர் சேர்ந்து பிடித்தோம். என் உள்ளங்கை உரிந்தது. திடீரென்று கயிறு இளக, அவர் மேலே வந்தார். ஒரு கை தோள்வரை ஓட்டைக்குள் சிக்கித் தோலுரிந்து ரத்தம் வழிந்தது. மூச்சு வாங்கியபடி கேட்டார்: "கலங்கல் நின்னுட்டா?"

கரைக்குக் கீழிருந்து மடைக்காரர் கூவினார்: "தெளிஞ்சிட்டு சார், தண்ணி தெளிஞ்சிட்டு!" நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் அழுதேன்.

அதன்பின் எத்தனையோ கரைகளைப் பார்த்தாயிற்று. எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நான் வெட்கப்பட்டதே இல்லை. சொல்லாமல் விட்டால் அது யார் தாலியில் போய் முடியும் என்பதை அந்தச் சில நிமிடங்கள் என் கையில் பிடித்துப் பார்த்துவிட்டேன்.