தானாக ஓடிய மோட்டார்

மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்கு நான் செயலாளரானபோது, மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை என் லேப்டாப்பிலிருந்தே இயக்க ஏற்பாடு செய்தோம். தரைக்கடியில் உள்ள சம்ப் தொட்டி அருகே ஒரு சின்னப் பெட்டி, அதற்கு ஒரு நெட் கேபிள். தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து பொத்தானை அழுத்தினால் இங்கே மோட்டார் ஓடும்.

ஒரு மதியம் வாட்ச்மேன் போன் செய்தார்.

"மேடம், நீங்க போட்டீங்களா? மோட்டரு தானா ஓடிகினு கீது. டேங்க் ரொம்பி வழியுது."

நான் போடவில்லை. காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர் தெருவில் ஓடியது. மறுநாளும் அப்படியே.

மாலையில் மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "பாஸ்வேர்ட் உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு மேடம்? அப்ப வேற யாரு?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

என் சந்தேகமோ பெட்டியைப் பொருத்தியவர் மேல். முதலில் எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில்தான் அவர் அமைத்தார். கேட்டால், "சர்வர் ப்ராப்ளமா இருக்கும் மேடம்" என்று நழுவினார். என் லேப்டாப்பை அணைத்தே வைத்தேன். அப்போதும் மோட்டார் ஓடியது. வேறு யாரோ இயக்குகிறார்கள்.

சனிக்கிழமை காலை நானே இறங்கிப் போய் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தேன். மோட்டார் ஓடவில்லை. நெட் வழியாகத்தான் யாரோ இயக்குகிறார்கள் என்றால், இப்போது அவர்களுக்கும் ஏதோ நின்றுபோயிருக்க வேண்டும். பிறகு பெட்டியைப் பொருத்தியவரைப் போனில் அழைத்தேன்.

"தம்பி, இப்ப வேற எங்கிருந்தாவது கம்ப்ளெயின்ட் வந்துச்சா?"

"பெரும்பாக்கத்துல ஒரு அபார்ட்மென்ட் மேடம். இத்தனை நாளா மோட்டர் ஓடுதுன்னு காட்டுச்சாம், தண்ணி மட்டும் ஏறலையாம். இன்னிக்கு கனெக்‌ஷனே இல்லன்னு வருதாம்."

விஷயம் இதுதான். எங்களுக்குச் செய்த அமைப்பை அப்படியே நகலெடுத்து அங்கேயும் போட்டிருக்கிறார். அதிலிருந்த எங்கள் பெட்டியின் நெட் முகவரியை மாற்ற மறந்துவிட்டார். அவர்கள் அழுத்தியபோதெல்லாம் எங்கள் மோட்டார் ஓடியிருக்கிறது. அங்கே மோட்டாரையே கழற்றிப் பார்த்து, பாவம், வாட்ச்மேனையும் திட்டித் தீர்த்திருக்கிறார்கள்.

அன்றே வந்து சரிசெய்தார். நான் பாஸ்வேர்டையும் மாற்றினேன். போகும்போது புதிய பாஸ்வேர்டைக் கேட்டார்.

"எதுக்கு தம்பி?"

"சும்மா, ஒரு சேஃப்டிக்கு மேடம்."

கொடுக்கவில்லை.

மேல்வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்படியா?" என்று இழுத்தார். அடுத்த கூட்டத்தில், பாஸ்வேர்ட் தனக்கும் வேண்டும் என்றார். மறுக்க முடியவில்லை, கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் நான் போடாத நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டால், முதலில் மேல்வீட்டு ஜன்னலைத்தான் பார்க்கிறேன்.